கடைக்குள்ளேயே ஒரு பேரேடு: எஸ்கியூலைட்டைக் கொண்டு விரைந்து பதில் சொல்லும் செயலியை அமைப்பது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் என் அம்மானிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் கேட்பார்கள். எட்டடித் தேக்குத் தூண், ஒரே வீட்டிலிருந்து இறங்கியதாக, நான்கு கிடைக்குமா என்று ஒருவர் கேட்பார். ஐயாயிரம் ரூபாய்க்குள் எனாமல் அடுக்கு என்னென்ன இருக்கின்றன என்று இன்னொருவர் கேட்பார். அவரிடம் முன்பு இருந்த செயலி, இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் வெளியூரில் எங்கோ இருக்கும் சர்வரிடம் போய்க் கேட்டுவந்துதான் பதில் சொல்லும். இணையம் தடுமாறும் நேரத்தில் திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்க, வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். "ஏப்பா, சாமான் கடைக்குள்ள கிடக்கு, கணக்கு மட்டும் எதுக்கு ஊரைச் சுத்திட்டு வரணும்?" என்று அம்மான் ஒரு நாள் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் செய்துகொடுத்த விடைதான் இந்த வழிகாட்டி. கடைக்கு மட்டுமல்லாமல், நூலகப் பட்டியல், பள்ளியின் வருகைப் பதிவு, சேலைக் கொட்டடியின் இருப்பு என்று ஒரே இடத்தில் இருந்து இயங்கும் எந்தச் செயலிக்கும் இது பொருந்தும்.

எஸ்கியூலைட் என்பது தனியாக ஓடும் தரவுத்தளச் சர்வர் அன்று. செயலிக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும் ஒரு சிறிய நூலகக் கோப்பு, அவ்வளவுதான். அளவில் அது ஏறத்தாழ 1 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். தரவு முழுவதும் வட்டில் ஒரே கோப்பாக இருக்கும். சர்வர் வகைத் தரவுத்தளத்திடம் ஒரு வினவலை அனுப்பினால், அது வலைப்பின்னல் வழியே போய், வரிசையில் நின்று, விடையோடு திரும்பிவர வேண்டும்; எஸ்கியூலைட்டில் அதே வினவல் நிரலுக்குள் ஒரு செயற்கூற்றை அழைப்பதாக மட்டும் முடிந்துவிடுகிறது. இதனால் ஒரு முக்கியமான பழக்கம் மாறுகிறது. சர்வரைக் கொண்டு எழுதியவர்கள், நூறு சிறு வினவல்களை அனுப்புவது பாவம், எல்லாவற்றையும் ஒரே பெரிய வினவலாகத் திரட்ட வேண்டும் என்று பழகியிருப்பார்கள். இங்கே போகவர வழியே இல்லாததால், ஒரு பக்கத்தைக் காட்ட நூறு சிறு வினவல்களைக் கேட்டாலும் குற்றமில்லை. படிக்க எளிதாக இருக்கும் முறையையே தேர்ந்துகொள்ளலாம்.

இதை உருவாக்கிய டி. ரிச்சர்ட் ஹிப், அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் பணியாற்றியபோது, தரவுத்தளச் சர்வர் நின்றுபோனால் செயலியும் நின்றுபோகும் நிலையைக் கண்டு, சர்வரே தேவைப்படாத ஒன்றை எழுத முனைந்தார்; முதல் பதிப்பு 2000 ஆகஸ்டில் வெளிவந்தது. மூலநிரல் பொதுவுடைமை, உரிமக் கட்டணம் எதுவும் கிடையாது. 2050 வரை இதைப் பராமரிக்கும் நோக்கத்தோடு பணியாற்றுவதாக உருவாக்குநர்கள் அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் தரவுத்தொகுப்புகளை நெடுநாள் பாதுகாப்பதற்குப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதைச் சேர்த்திருக்கிறது. நூறாண்டுப் பொருள்களின் கணக்கை எழுதுகிறவருக்கு இது சிறிய செய்தி அன்று. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளும் ஐபோனுக்குள்ளும் இது ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கீழே வரும் கட்டளைச் சொற்களை ஒலிபெயர்த்தே எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஆனால் அட்டவணைக்கும் புலங்களுக்கும் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே தட்டலாம். எஸ்கியூலைட் அவற்றை மேற்கோள் குறிகூட இல்லாமல் ஏற்றுக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. 'பொருள்', 'வகை', 'விலை' என்று பெயரிட்டால், நாளைக்கு வேறொருவர் கோப்பைத் திறந்தாலும் எது எதுவென்று கேட்க வேண்டியிருக்காது.

கேள்விகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

அட்டவணையை அமைக்க உட்காரும் முன், ஒரு வாரம் கடையில் கேட்கப்படும் கேள்விகளை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்: வேகம் என்பது தரவுத்தளத்தின் குணம் மட்டும் அன்று, எந்தக் கேள்விக்காக ஏட்டைப் பிரித்து வைத்திருக்கிறோம் என்பதன் விளைவு. எங்கள் ஐயா காலத்துக் கணக்குப்பிள்ளை அன்றாட வரவு செலவை நடந்த வரிசையில் சிட்டையில் எழுதுவார். பிறகு அதையே ஆளுக்கொரு பக்கமாகப் பேரேட்டில் பெயர்த்து எழுதுவார். ஒரே கணக்கை இரண்டு முறை எழுதுவது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் 'இன்னாருடைய பற்று எவ்வளவு' என்ற கேள்வி நாளுக்கு இருபது முறை வரும்போது, சிட்டையை முதலிலிருந்து புரட்டாமல் பேரேட்டில் ஒரே பக்கத்தைத் திறந்து சொல்லிவிடலாம். தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் செய்வதும் இதே வேலைதான்.

அம்மான் கடையில் எழுதியதில் நான்கு கேள்விகளே மீண்டும் மீண்டும் வந்தன. இந்த வகையில், இந்த விலைக்குள் என்ன இருக்கிறது; இந்த உயரத்தில் ஒரே வீட்டுத் தூண்கள் எத்தனை; பெயரிலோ குறிப்பிலோ இந்தச் சொல் வருகிற பொருள் எது; இந்த எண் ஒட்டிய பொருள் எந்த அறையில் கிடக்கிறது. மற்றவையெல்லாம் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வருபவை, அவை சற்று மெதுவாக வந்தால் குடிமுழுகிப் போகாது.

அட்டவணையில் 'எண்' என்ற புலத்தை 'இன்டிஜர் பிரைமரி கீ' என்றே அறிவியுங்கள். அப்படி அறிவித்தால் எஸ்கியூலைட் தன் உள் வரிசை எண்ணாகவே அதை எடுத்துக்கொள்வதால், எண்ணைச் சொல்லித் தேடுவதற்குத் தனி இண்டெக்ஸ் தேவையில்லை. நான்காவது கேள்விக்கு இதுவே விடையாகிவிடுகிறது. விலையை ரூபாயாகத் தசமப் புள்ளியோடு வைக்காமல் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள், ஏனெனில் மிதவைப் புள்ளி எண்களைக் கூட்டும்போது கடைசி இலக்கங்கள் பிசகும். உயரத்தை 'எட்டடி மூன்று அங்குலம்' என்று எழுத்தாக வைக்காமல் மொத்த அங்குலமாக, 99 என்று, வையுங்கள். நாளை ஆண்டு முதலாக, 2024-03-09 என்ற வடிவில் எழுதினால், எழுத்து வரிசையே கால வரிசையாகவும் அமைந்துவிடும். நாள் முதலாக எழுதினால் அமையாது. வகைகளைத் தனி அட்டவணையில் வைத்து, பொருள் அட்டவணையில் அதன் எண்ணை மட்டும் குறியுங்கள். எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது. 'காரைக்குடி' என்ற ஒரு சொல்லே 10 குறியீடுகள், 30 பைட். அதையே பன்னிரண்டாயிரம் வரிசைகளிலும் இண்டெக்ஸிலும் திரும்பத் திரும்ப எழுதுவதைவிட, ஊர் அட்டவணையில் ஒரு முறை எழுதிவிட்டு அதன் எண்ணைச் சுட்டுவது கோப்பையும் சுருக்கும், தேடலையும் விரைவாக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். எஸ்கியூலைட் இயல்பாக வகை பார்க்காது. எண் புலத்தில் 'பேசி முடிக்கலாம்' என்று யாராவது விலைக்குப் பதிலாக எழுதிவிட்டால், அதையும் அமைதியாக ஏற்றுக்கொள்ளும். 2021-ல் வந்த 3.37 பதிப்பிலிருந்து, அட்டவணையை உருவாக்கும் கட்டளையின் இறுதியில் 'ஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்தால் இது தடுக்கப்படும். அடுத்து, அட்டவணைகளுக்கிடையே உள்ள தொடர்பைச் சரிபார்க்கும் வசதியும் இயல்பாக அணைந்தே இருக்கிறது; ஒவ்வொரு முறை கோப்பைத் திறந்ததும் 'பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' என்று சொல்ல வேண்டும் (பிராக்மா என்பது எஸ்கியூலைட்டின் அமைப்புகளை மாற்றும் கட்டளை). இதை மறந்தால், அழித்துவிட்ட வீட்டின் எண்ணைச் சுமந்தபடி தூண்கள் அநாதையாக நிற்கும்.

இண்டெக்ஸ்: எந்தப் புலம் முன்னே, எது பின்னே

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். எனாமல் அடுக்கின் வகை எண் 3 என்றால், வினவல் இப்படி அமையும்: 'செலக்ட் எண், பெயர், விலை ஃபிரம் பொருள் வேர் வகை = 3 அண்ட் விலை <= 500000 அண்ட் நிலை = 0 ஆர்டர் பை விலை'. நிலை 0 என்றால் இருப்பில் உள்ளது, 1 என்றால் விற்றுப்போனது. இண்டெக்ஸ் எதுவும் இல்லாவிட்டால், எஸ்கியூலைட் அட்டவணையின் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை படித்துவிட்டு, கிடைத்ததை விலைப்படி தனியே அடுக்கும்.

இதற்கான இண்டெக்ஸ்: 'கிரியேட் இண்டெக்ஸ் விலைவாரி ஆன் பொருள்(வகை, விலை) வேர் நிலை = 0'. சமக்குறியோடு கேட்கப்படும் புலம் முன்னே வர வேண்டும், 'இதற்குள்', 'இதற்குமேல்' என்று எல்லையோடு கேட்கப்படும் புலம் அதன் பின்னே வர வேண்டும். வகை முன்னே இருந்தால் எனாமல் அடுக்குகள் எல்லாம் இண்டெக்ஸில் ஒரே கொத்தாக, அதற்குள் விலை ஏறுமுகமாக அடுக்கப்பட்டிருக்கும். கொத்தின் தொடக்கத்துக்குப் போய், ஐயாயிரம் ரூபாய் தாண்டும் இடத்தில் நின்றுவிடலாம், தனியே அடுக்கவும் வேண்டாம். விலையை முன்னே போட்டால், ஐயாயிரத்துக்குள் இருக்கும் கூஜா, ஊறுகாய் ஜாடி, மரப்பாச்சி எல்லாவற்றையும் தாண்டித் தாண்டி எனாமல் அடுக்கைப் பொறுக்க வேண்டியிருக்கும். பேரேட்டில் ஆளின் பெயர் தலைப்பாகவும் தேதி உள்ளேயும் இருப்பதற்கும் இதுவே காரணம்.

கட்டளையின் இறுதியில் உள்ள 'வேர் நிலை = 0' என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். கடை நடக்க நடக்க விற்றுப்போன பொருள்களின் கணக்குதான் பெருகும், இருப்பு ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். இருப்பில் உள்ளதை மட்டும் இண்டெக்ஸில் சேர்த்தால், பத்து ஆண்டுக் கணக்கு சேர்ந்த பிறகும் அந்த இண்டெக்ஸ் இன்றைய இருப்பின் அளவிலேயே நிற்கும். ஒரு நிபந்தனை உண்டு: வினவலிலும் 'நிலை = 0' என்ற தொடரை அப்படியே எழுத வேண்டும்; அந்த 0-ஐ வெளியிலிருந்து நிரப்பும் மதிப்பாக வைத்தால், இண்டெக்ஸ் பொருந்துமென்று எஸ்கியூலைட்டின் திட்டமிடுவோனால், அதாவது வினவலை எந்த வழியில் நிறைவேற்றுவது என்று தீர்மானிக்கும் பகுதியால், உறுதிசெய்ய முடியாது. வாடிக்கையாளர் சொல்லும் விலை, சொல் போன்ற மற்ற எல்லா மதிப்புகளையும் கேள்விக்குறி இட்டு, பிறகு நிரப்பும் முறையிலேயே தாருங்கள். அவற்றைச் சரமாக ஒட்டி வினவலைக் கட்டுவது தரவைத் திருடவும் அழிக்கவும் கதவைத் திறந்து வைப்பதாகும்.

தூண் கேள்விக்கு இண்டெக்ஸ் வேறு: (வகை, உயரம், வீடு). வினவல்: 'செலக்ட் வீடு, கவுன்ட்(*) ஃபிரம் பொருள் வேர் வகை = 7 அண்ட் உயரம் = 96 அண்ட் நிலை = 0 குரூப் பை வீடு ஹேவிங் கவுன்ட்(*) >= 4'. எட்டடி என்பது 96 அங்குலம். வகையும் உயரமும் நிலைத்துவிட்டதால், அந்தக் கொத்துக்குள் வீடுகள் தாமாகவே வரிசையாக இருக்கும், எண்ணிக்கொண்டே போனால் போதும். கானாடுகாத்தான் வீட்டுத் தூண் மூன்றையும் பள்ளத்தூர் வீட்டுத் தூண் ஒன்றையும் சேர்த்து நான்கு என்று சொல்லி விற்பது, கடைசல் வேலையை ஒரு பார்வையில் அடையாளம் காணும் வாடிக்கையாளரிடம் கடையின் பெயரைக் கெடுத்துவிடும். அதனால் வேகத்தோடு சரியான விடையும் இங்கே வேண்டும்.

இண்டெக்ஸ் பயன்படுகிறதா என்பதை ஊகிக்க வேண்டாம். வினவலுக்கு முன்னே 'எக்ஸ்பிளெயின் குவெரி பிளான்' என்று சேர்த்து ஓட்டினால், எஸ்கியூலைட் தன் திட்டத்தைச் சொல்லும். 'ஸ்கேன் பொருள்' என்று வந்தால் முழு அட்டவணையையும் படிக்கிறது என்று பொருள். 'சர்ச் பொருள் யூசிங் இண்டெக்ஸ் விலைவாரி' என்று வந்தால் நீங்கள் எண்ணியபடி நடக்கிறது. 'யூஸ் டெம்ப் பி-ட்ரீ ஃபார் ஆர்டர் பை' என்ற வரி வந்தால் தனியே அடுக்கும் வேலை இன்னும் நடக்கிறது. புலத்தின் மேல் கணக்குப் போட்டாலும் இண்டெக்ஸ் கைநழுவும்: 'விலை / 100 <= 5000' என்று எழுதினால் இண்டெக்ஸ் உதவாது, 'விலை <= 500000' என்று எழுதினால் உதவும். தரவை ஏற்றி முடித்த பின் 'அனலைஸ்' என்ற கட்டளையை ஒரு முறையும், செயலியை மூடும்போது 'பிராக்மா ஆப்டிமைஸ்' என்பதை ஒவ்வொரு முறையும் ஓட்டினால், திட்டமிடுவோனுக்குப் புள்ளிவிவரம் கிடைத்துத் தேர்வு மேம்படும். ஆனால் கேட்கப்படாத கேள்விக்கு இண்டெக்ஸ் போடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு கூடுதல் பேரேடு, ஒவ்வொரு பதிவின்போதும் அதையும் எழுதியாக வேண்டும்.

எழுதுவதும் படிப்பதும் ஒரே நேரத்தில்

பழைய விரிதாளிலிருந்து சுமார் 12,000 பொருள்களை ஏற்றியபோது நான் செய்த தவறு பலரும் செய்வது: ஒவ்வொரு வரிசையையும் தனித்தனி டிரான்சாக்ஷனாக, அதாவது முழுதாகப் பதியும் அல்லது முழுதாகக் கைவிடப்படும் தனித்தனித் தொகுதியாக, எழுதினேன். ஒவ்வொரு டிரான்சாக்ஷனும், தரவு வட்டில் உறுதியாகப் பதிந்துவிட்டது என்ற செய்தி வரும்வரை காத்திருக்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டில், ஒரு டிரான்சாக்ஷனுக்கு இரண்டு சுழற்சி ஆகுமென்று கொண்டால், நொடிக்கு 60-தான் முடியும். 12,000 வரிசைக்கு 200 நொடி. எல்லாவற்றையும் 'பிகின்', 'கமிட்' என்ற இரண்டு சொற்களுக்கு இடையே ஒரே டிரான்சாக்ஷனாக வைத்தால் காத்திருப்பு ஒரே ஒரு முறைதான், அதே வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடியும். இன்றைய எஸ்எஸ்டி வட்டில் சுழற்சி இல்லாவிட்டாலும் காத்திருப்பு இருக்கவே செய்கிறது.

அடுத்து, கோப்பை உருவாக்கியவுடன் 'பிராக்மா ஜர்னல்_மோட் = வால்' என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள் ('வால்' என்பது 'ரைட்-அஹெட் லாக்', அதாவது முன்கூட்டி எழுதும் பதிவேடு, என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). 2010-ல் 3.7 பதிப்போடு வந்த இந்த முறையில், புதிய பதிவுகள் மூலக் கோப்பில் நேரே எழுதப்படாமல், பக்கத்தில் உள்ள 'வால்' கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்படும். அங்கே 1000 பக்கம் அளவுக்குச் சேர்ந்ததும் மூலக் கோப்புக்குப் பெயர்த்து எழுதப்படும். சிட்டையும் பேரேடும்தான் மறுபடியும். பகலில் எழுதுகிறவர் சிட்டையில் எழுதிக்கொண்டே இருக்கலாம். அதே நேரத்தில் பேரேட்டைப் பார்க்கிறவர் பார்க்கலாம், இன்றைய சிட்டையில் அதே கணக்குக்கு ஏதேனும் வரி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்வார். அதனால் பலர் படிக்கும்போதும் ஒருவர் எழுத முடியும். எழுதுகிறவர் மட்டும் ஒரு நேரத்தில் ஒருவர்தான்; இருவர் ஒரே கணத்தில் எழுத வந்தால், பின்னவருக்குத் 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்ற பிழை வரும். 'பிராக்மா பிஸி_டைம்அவுட் = 5000' என்று சொல்லிவைத்தால், அவர் உடனே பிழையோடு திரும்பாமல் 5 நொடி வரை முயன்றுகொண்டிருப்பார். முதலில் படித்து, பிறகு எழுதும் டிரான்சாக்ஷன்களை 'பிகின் இமீடியட்' என்றே தொடங்குங்கள். எழுதும் உரிமையை முன்கூட்டியே வாங்கிக்கொள்வதால் பாதி வழியில் முட்டிக்கொள்ளாது. ஒரே தூண் இரண்டு பேருக்கு விற்கப்படாமல் இருக்க இது மிக அவசியம்.

மின்வெட்டைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். வால் முறையில் 'சின்க்ரனஸ்' என்ற அமைப்பை 'நார்மல்' என்று வைத்தால் எழுதும் வேகம் கூடும், திடீரென மின்சாரம் போனாலும் கோப்பு சிதையாது, ஆனால் கடைசியாக முடிந்த சில பதிவுகள் இல்லாமல் போகலாம். 'ஃபுல்' என்று வைத்தால் அதுவும் நேராது. பணம் கைமாறும் இடத்தில் நான் 'ஃபுல்' மட்டுமே வைப்பேன். ஒரு கடையில் நாளெல்லாம் எழுதப்படும் பதிவுகளுக்கு அந்த வேகக் குறைவு தெரியவே தெரியாது.

தமிழில் தேடும்போது

'லைக்' என்ற சொல்லோடு இருபுறமும் விழுக்காட்டுக் குறியிட்டுத் தேடினால், எந்த இண்டெக்ஸும் உதவாமல் முழு அட்டவணையும் படிக்கப்படும். சொல்தேடலுக்கு எஸ்கியூலைட்டில் எஃப்டிஎஸ்5 என்ற பகுதி இருக்கிறது; அது ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வரிசைகளில் வருகிறது என்று தனி ஏடு போட்டுவைக்கிறது. ஆனால் தமிழுக்கு அதை இயல்பான அமைப்பிலேயே பயன்படுத்தினால் விடை தவறும், அதுவும் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் தவறும். கடையில் 'கால்' என்று தேடினேன்; 'கீல்' வைத்த பெட்டியும், 'காலி' என்று குறித்த ஜாடியும் வந்து நின்றன.

காரணம் இதுதான். எஃப்டிஎஸ்5 இயல்பாகப் பயன்படுத்தும் 'யூனிகோட்61' என்ற சொல்பிரிப்பான், எழுத்து, எண் ஆகிய வகைகளைச் சேர்ந்த குறியீடுகளை மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. யூனிகோடில் நம் உயிர்மெய்க் குறிகளான துணைக்கால், கொக்கி, கொம்பு ஆகியவையும் புள்ளியும் 'எழுத்து' என்ற வகையில் இல்லை, 'குறி' என்ற வகையில் இருக்கின்றன. எனவே அது ஒவ்வொரு குறியையும் இடைவெளியைப் போல நினைத்துச் சொல்லை அங்கே வெட்டிவிடுகிறது. 'கால்' என்பது க, ல என்று இரண்டு துண்டாகிறது. 'கீல்', 'காலி' ஆகியவையும் அதே இரண்டு துண்டுகளாகின்றன. 'க'வும் 'ல'வும் அடுத்தடுத்து வருவதால் இரண்டும் பொருந்திவிடுகின்றன. குறிகளையும் சொல்லின் உறுப்பாகக் கொள்ளச் சொன்னால் இது தீர்ந்துவிடும். தேடல் அட்டவணையை உருவாக்கும் கட்டளையில், டோக்கனைஸ் என்பதற்கு எதிரே "யூனிகோட்61 கேட்டகரீஸ் 'எல்* என்* சிஓ எம்*'" என்று எழுதுங்கள். இறுதியில் உள்ள 'எம்*' என்பதே நம் குறிகளைச் சேர்க்கும் பகுதி.

இன்னொரு நுணுக்கம் வேற்றுமை உருபு. 'தூண்' என்று தேடினால் 'தூணை', 'தூணின்' என்று எழுதிய குறிப்புகள் வரா. முன்னொட்டுத் தேடலுக்கு உடுக்குறி இட்டு 'தூண்*' என்று கேட்டாலும் 'தூண்கள்' மட்டுமே வரும், ஏனெனில் 'தூணை' என்பதில் புள்ளிக்குப் பதிலாக ஐகாரக் குறி இருக்கிறது. புள்ளி தனிக் குறியீடு என்பதால், செயலி சொல்லின் இறுதிப் புள்ளியை எடுத்துவிட்டு 'தூண*' என்று கேட்டால், தூண், தூண்கள், தூணை, தூணின் எல்லாமே ஒருங்கே வந்துவிடும். 'மரம்', 'மரத்தில்' போன்றவற்றுக்கு இறுதி மகரத்தையும் சேர்த்து நீக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளாலேயே கடைத் தேடலில் பெரும்பகுதி சரியாகிவிட்டது.

சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் சொல்லை என்எஃப்சி வடிவத்துக்கு (யூனிகோட் எழுத்துகளை ஒரே சீராக எழுதும் முறை) மாற்றிக்கொள்வதையும் மறவாதீர்கள். 'கொ' என்ற எழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஆனால் பைட் வேறு என்பதால், 'கொட்டான்' என்று தேடினால் கண்ணெதிரே உள்ள கொட்டானே கிடைக்காமல் போகும்.

அகரவரிசையும் தானாக அமையாது. எஸ்கியூலைட் பைட் வரிசையில் அடுக்குகிறது. யூனிகோடில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னே இருப்பதால் 'தட்டு' என்பதற்கு முன்பே 'தடி' வந்துவிடும், னகரம் நகரத்தை ஒட்டி இருப்பதால் 'மயில்' என்பதற்கு முன்பே 'மனை' வந்துவிடும். நம் அகராதியில் இரண்டுமே தலைகீழ். செயலியின் வழியே தனி ஒப்பீட்டு விதியைப் பதிவுசெய்யவும் வழி உண்டு, ஆனால் அந்த விதி தெரியாத வேறு கருவியில் கோப்பைத் திறந்தால் அந்த இண்டெக்ஸ் பயன்படாது. அதனால் 'வரிசைச்சாவி' என்று ஒரு புலம் வைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் நம் நெடுங்கணக்கு வரிசைப்படி ஒரு குறியெண்ணை இட்டு நிரப்பி, அதன்மேல் இண்டெக்ஸ் போடுவதையே நான் தேர்ந்தேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட கணினியும், நகலும்

முகப்பில் ஒரு கணினி, பின்கட்டில் ஒரு கணினி என்று இருந்தால், கோப்பைப் பகிர்ந்த கோப்புறையில் வைத்து இரண்டிலிருந்தும் திறக்க ஆசை வரும். செய்யாதீர்கள். வால் முறை வலைப்பின்னல் வழியே இயங்காது. மற்ற முறைகளிலும் வலைப்பின்னல் வட்டுகளின் பூட்டு நம்பத்தக்கதாக இருப்பதில்லை, கோப்பு சிதையக்கூடும். ஒரு கணினி மட்டும் கோப்பைத் திறக்கட்டும். அதில் ஒரு சிறிய இணையச் சேவையை ஓட்டி, மற்றவை கடைக்குள் இருக்கும் வைஃபை வழியே அதனிடம் கேட்கட்டும். பத்து ஊர்களில் கிளை வைத்து எல்லோரும் ஓயாமல் எழுதும் நிலை வந்தால், அப்போது சர்வர் வகைத் தரவுத்தளத்துக்கு மாறுவதே முறை.

பொருளின் சிறு படங்களைக் கோப்புக்குள்ளேயே வைக்கலாம். சிறுபட அளவில் உள்ளவற்றைத் தனித்தனிக் கோப்புகளிலிருந்து படிப்பதைவிட எஸ்கியூலைட்டிலிருந்து படிப்பது ஏறத்தாழ 35 விழுக்காடு விரைவு என்று அதன் உருவாக்குநர்களே அளந்து சொல்லியிருக்கிறார்கள். பெரிய படங்கள் வெளியே இருக்கட்டும்.

நகல் எடுப்பதில் நான் ஒரு முறை அடிபட்டிருக்கிறேன். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூலக் கோப்பை மட்டும் பென்டிரைவில் இழுத்துப் போட்டேன். அன்றைய விற்பனை முழுவதும் பக்கத்தில் இருந்த வால் கோப்பில் இருந்தது, நகலில் ஒரு வரிகூட இல்லை. பேரேட்டை எடுத்துக்கொண்டு சிட்டையை விட்டுவந்த கதை. திறந்திருக்கும் கோப்பை இழுத்து நகலெடுக்காமல், 'வேக்யூம் இன்டூ' என்ற கட்டளைக்குப் பின் புதிய கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். 2019 முதல் இருக்கும் இந்தக் கட்டளை, கடை நடந்துகொண்டிருக்கும்போதே முழுமையான, இடைவெளி நீக்கிய நகலை எழுதித் தரும். கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்துவிடுங்கள்.

எடுத்த நகலை அன்றைக்கே வேறொரு கணினியில் திறந்து 'பிராக்மா இன்டெக்ரிட்டி_செக்' ஓட்டி, 'ஓகே' என்ற விடை வருகிறதா என்று பாருங்கள்; பிறகு அன்று கடைசியாக விற்ற பொருளின் எண்ணை அந்த நகலில் தேடி, நிலை 1 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அம்மான் கடையில் இப்போது இரவு கதவடைக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, பென்டிரைவைக் கோட்டையூரில் இருக்கும் வீட்டுக்குக் கையோடு கொண்டுபோகிறார்கள்.